கருவாட்டுக் குழம்பும் அலுவலக ஓவனும்: எட்டு மாதமாக நான் பயன்படுத்தும் மின்சார லஞ்ச் பாக்ஸ்

ஏப்ரல் கடைசியில் ஆன்லைனில் 1,149 ரூபாய் கொடுத்து ஒரு மின்சார லஞ்ச் பாக்ஸ் வாங்கினேன். வெளியே பிளாஸ்டிக் உறை, அடியில் சூடாகும் தட்டு, உள்ளே மூன்று எவர்சில்வர் டப்பா, ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் போட்ட மூடி. 60 வாட். எட்டு மாதம் ஓட்டியாகிவிட்டது, இப்போது தைரியமாகச் சொல்லலாம்: நல்ல பொருள். ஆனால் எதற்கு நல்லது, எதற்கு ஆகாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஏன் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் நாகப்பட்டினம், வேலை சென்னையில். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும், பச்சை மீன் விலை ஏறிவிடும், எங்கள் வீட்டில் கருவாடு வெளியே வரும். அம்மா நெத்திலி, வாளை, திருக்கை என்று தனித்தனியாகக் கட்டி அனுப்பிவிடுவார். கத்தரிக்காயும் மொச்சையும் போட்டு வைத்த கருவாட்டுக் குழம்பு மறுநாள்தான் ருசி. அந்த மறுநாள் குழம்பை நான் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். எவர்சில்வர் டப்பாவை ஓவனில் வைக்கக்கூடாது, பொறி பறக்கும் என்பதால் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, மூடாமல், மூன்று நிமிடம் வைத்துவிட்டேன்.

தப்பு அந்த மூடாமல் வைத்ததில்தான். மைக்ரோவேவ் ஓவன் வேலை செய்கிற விதமே அப்படி: 2,450 மெகாஹெர்ட்ஸ் அலை உணவில் இருக்கும் தண்ணீரை அசைத்துச் சூடாக்குகிறது, ஆவி கிளம்புகிறது, அந்த ஆவி உள்ளேயே தேங்காமல் இருக்க ஒரு விசிறி காற்றை ஊதிப் பக்கத்துத் துளைகள் வழியாக வெளியே தள்ளுகிறது. வாடை அந்த ஆவியோடு ஏறிப் போகும். ஏசி அலுவலகத்தில் ஜன்னல் ஏது? அதே காற்றுதான் சுற்றிச் சுற்றி வரும். மூன்றே நிமிடத்தில் எங்கள் தளம் முழுக்கத் திருக்கை வாசம். மறுநாள் பேன்ட்ரி கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: ‘அசைவ உணவுகளை ஓவனில் சூடாக்க வேண்டாம்.’

எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது, இன்றைக்கும் அந்தத் தாளில் எனக்கு உடன்பாடில்லை. அதே ஓவனில் பாப்கார்ன் பாக்கெட்டை மறந்துபோய் யாரோ கருக்கிவிட்டார்கள், சாயங்காலம் வரைக்கும் கண் எரிந்தது, அதற்குத் தாள் ஒட்டவில்லை. காலிஃபிளவர், முட்டைகோஸ், அவித்த முட்டை எல்லாவற்றிலும் கந்தகச் சத்து இருக்கிறது, மூடாமல் சூடு பண்ணினால் அதுவும் நாறத்தான் செய்யும். அப்படியிருக்க அசைவம் என்று மட்டும் ஏன் எழுத வேண்டும்? 2014-ல் சென்னையில் ஓர் ஆங்கில நாளிதழ் அலுவலகத்தில், பெரும்பாலோர் சைவம், அவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று சொல்லி, உணவுக்கூடத்துக்கு அசைவம் கொண்டுவர வேண்டாம் என அறிவிப்பு வைத்தது பெரிய விவாதமானது. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 2023-ல் ஓர் இந்திய ஆய்வு மாணவர் பாலக் பனீரைச் சூடு பண்ணியபோது வாடை என்று கிளம்பிய பேச்சு, வழக்காகி, 2025-ல் 2 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. பாலக் பனீர் சுத்த சைவம். யார் எங்கே எண்ணிக்கையில் குறைவோ அவர்கள் சாப்பாடுதான் அங்கே நாறுகிறது என்று எனக்குப் புரிந்தது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா, முழுச் சைவம், அன்று எனக்கு அடுத்து ஓவனுக்கு நின்றவர் அவர்தான். “தம்பி, நீ கருவாடு சாப்பிடுறதுல எனக்கு ஒண்ணுமில்லப்பா. நான் பால் சூடு பண்ணணும், அதுல வாசம் ஏறிடுமே, அதான்” என்றார். அவர் சொன்னதில் பதில் பேச ஒன்றுமில்லை. எலுமிச்சையைப் பிழிந்து தோலோடு ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு, ஐந்து நிமிடம் ஓவனில் ஓடவிட்டு, உள்ளே துடைத்து, கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன். வாடை போய்விட்டது. மீன் வாடைக்கு முக்கியக் காரணம் டிரைமெத்திலமைன் என்ற பொருள். கடல் மீன் செத்த பிறகு பாக்டீரியா வேலை செய்து அதை உண்டாக்குகிறது. அது காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் உப்பாக மாறி ஆவியாகாமல் அடங்கிவிடும். புளி தூக்கலாக வைத்த குழம்பைவிட வறுத்த மீன் சூடு பண்ணும்போது ஊரைக் கூட்டுவது அதனால்தான். எலுமிச்சை போடுவதற்கும் இதுதான் காரணம், வெறும் வாசனைக்காக இல்லை.

சரி, பாக்ஸுக்கு வருகிறேன்.

இதன் பலமே மூடியபடி சூடாகிறது என்பதுதான். உள் டப்பாக்களின் மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், வெளி மூடியில் ஆவி போக மட்டும் சின்னத் துளை. சூடாகும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு லேசாகத் தெரியும், அதற்கு அப்பால் தெரியாது. நான் கேட்டுப் பார்த்தேன், ஒருவரை இல்லை, மூன்று பேரை. வாடை வருவது திறக்கும்போதுதான். அதனால் திறப்பதை என் மேஜையில் வைத்துக்கொள்வதில்லை, எங்கள் கட்டடத்தில் மொட்டைமாடிக்குப் போகும் வழியில் காற்றோட்டமாக ஒரு திண்ணை மாதிரி இடம் இருக்கிறது, அங்கே போய்ச் சாப்பிடுகிறேன். இந்த எட்டு மாதத்தில் கருவாடு வாடை என்று ஒரு புகார்கூட வரவில்லை. செக்யூரிட்டி அண்ணன் மட்டும் கண்டுபிடித்துவிட்டு “இன்னைக்கு நெத்திலியா சார்?” என்று கேட்டுவிட்டு உட்காருவார், அவருக்கும் ஒரு கரண்டி உண்டு.

நேரம்தான் விலை. ஓவனில் இரண்டு நிமிடம், இதில் நாற்பது. ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் பன்னிரண்டேகாலுக்கே ப்ளக்கில் போட வேண்டும். கரண்ட் கணக்குப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: 60 வாட் நாற்பது நிமிடம் ஓடினால் 0.04 யூனிட், 1,200 வாட் இழுக்கும் ஓவன் இரண்டு நிமிடம் ஓடினாலும் அதே 0.04. சிக்கனம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம்.

சூடு எல்லா டப்பாவிலும் ஒரே மாதிரி ஏறாது. அடியிலிருந்து சூடாவதால் கீழ் டப்பாவில் குழம்பு, நடுவில் சோறு, மேலே கூட்டு என்று வைப்பது சரியாக வருகிறது. சமையல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், நாற்பது நிமிடத்தில் குழம்பு 68 டிகிரி, சோறு 57. சோற்றில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துவிட்டால் பொலபொலவென்று இருக்கும், இல்லையென்றால் ஓரம் காய்ந்துவிடும். வறுத்த மீன் இதில் மெத்தென்று ஆகிவிடுகிறது, நான் நிறுத்திவிட்டேன். தயிர் சாதம், அப்பளம் எல்லாம் தனி டப்பாவில்தான்.

இந்த 57 டிகிரியைச் சும்மா விடக்கூடாது. இது சமைக்கிற சாமான் இல்லை, வெதுவெதுப்பாக்குகிற சாமான். சோற்றில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா, அதன் வித்துகள் வேகும் சூட்டிலும் சாகாது, வடித்த சோறு வெளியில் மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சு சுரக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. காலை ஏழுக்குக் கட்டிய சாப்பாட்டைச் சென்னை வெயிலில் ஒரு மணி வரை அப்படியே வைக்காதீர்கள். நான் போனதும் பேன்ட்ரி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறேன். மூடி இறுக்கம் என்பதால் ஃப்ரிட்ஜிலும் வாடை பரவுவதில்லை. அப்படி வைத்தால் நாற்பது நிமிடம் போதாது, ஒரு மணி நேரம் ஆகிறது.

இனி குறை. வயர் சின்னது, மேஜைக்கு அடியில் ப்ளக் பாயிண்ட் இருந்தால் எட்டாது. சில அலுவலகங்களில் தீ பயத்தால் மேஜையில் சூடாகும் சாமான் எதையும் செருக விடமாட்டார்கள், வாங்கும் முன் நிர்வாகத்தில் கேட்டுவிடுங்கள். எங்கள் இடத்தில் பேன்ட்ரி மேடையில் மட்டும் அனுமதி, அதுவும் ஆள் பார்த்துக்கொண்டிருந்தால்தான்.

பெரிய குறை ரப்பர் வளையம். கருவாட்டு வாடையை அது குடித்துவிடுகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் போகாது, மறுநாள் பொங்கல் வைத்தால் பொங்கலில் திருக்கை. புளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கழுவி, வெயிலில் காயப்போட்டால் முக்கால்வாசி போகிறது. மழைக்காலத்தில் அதுவும் கஷ்டமாக இருந்தது. கடைசியில் கருவாட்டுக்கென்று ஒரு டப்பாவை ஒதுக்கி, மூடியில் பெயின்ட் பேனாவால் ஒரு மீன் வரைந்துவிட்டேன். தம்பி வீட்டுக்கு வந்தால் அதில் கைவைப்பதில்லை.

ஓவனை நான் விட்டுவிடவில்லை. சாம்பார், ரசம் என்றால் இன்னும் அதில்தான், மேலே தட்டுப் போட்டு மூடி, முடிந்ததும் துடைத்துவிட்டுத்தான் வருவேன். கதவில் இருந்த தாளையும் விடவில்லை, நிர்வாகத்தில் பேசினேன், அந்த அக்காவும் கூட வந்தார். இப்போது அதில் இருப்பது வேறு வரி: ‘எதைச் சூடாக்கினாலும் மூடி வையுங்கள், முடிந்ததும் துடையுங்கள்.’ எழுதியது அவர்தான்.

தினமும் சைவம் மட்டும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பாக்ஸ் தேவையில்லை, நல்ல கண்ணாடி டப்பா ஒன்று போதும். மீன், கருவாடு, சென்னாக்குன்னித் தொக்கு என்று போகிறவர்கள் வாங்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், குறைத்த ஒன்று அந்த ரப்பர் வளையத்துக்காக. வளையம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விற்றவரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன்.