வெட்டுவதா, பிரிப்பதா, பறக்க விடுவதா? வசந்த காலத் தேனீப் பெட்டிக்கு மூன்று வழிகள்

வசந்தம் பிறந்துவிட்டால் தேனீ வளர்க்கும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்ற ஒன்றே கிடையாது. பூ கூடக் கூட ராணி முட்டையிடும் வேகமும் கூடும். மெல்லிஃபெரா (ஐரோப்பியத் தேனீ) இனத்தின் நல்ல ராணி உச்சத்தில் ஒரு நாளைக்கு 1500 முதல் 2000 முட்டை வரை இடும். முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளியே வர 21 நாள் போதும். போன மாதம் நாலைந்து சட்டங்களில் (பெட்டிக்குள் அடை கட்டுவதற்கான மரச் சட்டங்கள்) அடங்கிக் கிடந்த குடும்பம், இந்த மாதம் மூடியைத் தூக்கினால் பொங்கி வழியும். பார்க்க மனசு குளிரும். கூடவே வயிற்றில் புளியும் கரையும். இடம் நெருக்கடியானால் பழைய ராணி பாதிக்கு மேற்பட்ட தேனீக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். வெறும் வயிற்றோடும் போகாது, பெட்டித் தேனைக் குடித்துவிட்டுத்தான் போகும்.

இதற்கு வழி மூன்று. புது ராணியை வளர்க்கத் தேனீக்கள் கட்டும் ராணி அறைகளை வாராவாரம் வெட்டி எறியலாம். குடும்பம் தானாகப் பிரிவதற்கு முன் நாமே பிரித்துவிடலாம். அல்லது போகிற கூட்டத்தைப் போக விட்டு, வெளியே ஒரு காலிப் பெட்டி வைத்துப் பிடிக்கலாம். எங்கள் வீட்டில் ஆறு பெட்டிகள். மூன்றையுமே வேறு வேறு வருடங்களில் செய்து பார்த்தாயிற்று. நூறு பெட்டி வைத்திருப்பவர் கணக்கு வேறு. நான் சொல்வது வேலைக்குப் போய்க்கொண்டே, வார இறுதியில் மட்டும் பெட்டி திறக்கிறவர்களுக்கு.

மேலே தேன் அறை, அதாவது தேன் சேர்க்க இன்னொரு அடுக்கு, ஏற்றி இடம் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் நெரிசல் வரும் முன்பே. ஆனால் அடையோரம் ராணி அறை தொங்க ஆரம்பித்த பிறகு மேல்மாடி கட்டிப் பயனில்லை.

சரி, வெட்டுவதைப் பார்ப்போம். காசு செலவில்லாத வழி என்று இதற்குப் பெயர். கத்தி ஒன்று போதும். புதுப் பெட்டி வேண்டாம், ராணியைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். ஆனால் நாள் கணக்கு கறாரானது. ராணிக்கான முட்டை மூன்று நாளில் பொரியும். 8 அல்லது 9ஆம் நாள் அந்த அறையை மெழுகால் மூடுவார்கள். வானிலை தோதாக இருந்தால், மூடுகிற அந்தச் சமயத்தில்தான் கூட்டம் கிளம்பும். அதனால் ஏழு நாளுக்கு ஒருமுறை திறந்தே ஆக வேண்டும். ஒரு வாரம் மழை, அடுத்த வாரம் கல்யாணம் என்றால் கதை முடிந்தது. ஒவ்வொரு சட்டத்தையும் உதறித் தேனீக்களைக் கீழே விழச் செய்யாமல் பார்த்தால், மூலையில் ஒரு நிலக்கடலை அளவில் ஒளிந்திருக்கும் அறை கண்ணில் படாது. அந்த ஒன்று போதும்.

அதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. அதை நானே செய்திருக்கிறேன். ஒரு வருடம் ஒரு பெட்டியில் எட்டு ராணி அறைகள் இருந்தன. எட்டையும் வெட்டிவிட்டு, சாமர்த்தியமாகச் செய்துவிட்டோம் என்று மூடி வைத்தேன். கூட்டம் இரண்டு நாள் முன்பே போயிருந்தது எனக்குத் தெரியாது. பழைய ராணியும் இல்லை, வரப்போகிற ராணிகளையும் என் கையாலேயே தீர்த்துக் கட்டியிருந்தேன். சில வாரங்கள் கழித்துத் திறந்தால் ஒரே அறைக்குள் மூன்று நான்கு முட்டைகள், சில சுவரில் ஒட்டிக்கொண்டு. வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கியிருந்தன. அவற்றிலிருந்து ஆண் தேனீதான் வரும், குடும்பம் மெல்ல அழியும். இப்போது எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான்: புதிதாக இட்ட முட்டையைக் கண்ணால் பார்க்காமல் கத்தியைத் தொடக் கூடாது.

இன்னொரு குறை, வெட்டினால் குடும்பத்தின் எண்ணம் மாறுவதில்லை. கிளம்பும் மனநிலையிலேயே வாரக்கணக்கில் இருக்கும். பூ நிறைந்த நாளிலும் வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு வெட்டியாக இருக்கும்.

பிரிப்பதில் இரண்டு விதம் செய்திருக்கிறோம். முதலாவது பேக்டன் முறை. பழைய பெட்டி நின்ற அதே இடத்தில் புதுப் பெட்டியை வைத்து, ராணியை ஒரு புழுச் சட்டத்தோடு அதில் விடுவது. பழைய பெட்டியைச் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். தீனி தேடப் போன மூத்த தேனீக்கள் பழகிய இடத்துக்கே திரும்பி வரும். ராணி, மூத்த தேனீக்கள், கட்டி முடிக்காத காலி வீடு என்று உண்மையிலேயே கூட்டம் பிரிந்து போனது போலவே அமைந்துவிடும். ஒரு வாரம் கழித்துப் பழைய பெட்டியை மறுபக்கம் மாற்றினால், அதற்குள் வெளியே பறக்கப் பழகியவையும் ராணியிடமே போய்ச் சேரும். மிச்சமிருப்பவை இன்னொரு முறை பிரிந்து போக ஆள் பலம் இராது. புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் முழு அளவுப் பெட்டி இன்னொன்று வேண்டும், கனமான பெட்டியை இரண்டு முறை தூக்க வேண்டும். என் முதுகு சம்மதிக்கவில்லை.

இரண்டாவது விதம் எங்களுக்கு ஒத்துப்போனது. ஐந்து சட்டம் பிடிக்கும் சிறு பெட்டி. பழைய ராணி, புழுவும் தேனும் உள்ள இரண்டு மூன்று சட்டங்கள், மேலே இன்னும் இரண்டு சட்டத் தேனீக்களை உதறிப் போட்டு, தோட்டத்தின் வேறு மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவோம். உதறிப் போடுவதை மறந்தால் மறுநாள் சிறு பெட்டி வெறிச்சோடிவிடும், மூத்த தேனீக்கள் பழைய வீட்டுக்குப் போய்விடும் அல்லவா. பெரிய பெட்டியில் மூடாத நல்ல ராணி அறை ஒன்றை மட்டும் விட்டு, அந்தச் சட்டத்தின் தலையில் ஒரு குண்டூசி குத்தி வைப்போம்.

ஏழாம் நாள் மறுபடி திறப்பதுதான் இதில் முக்கியம். ராணி காணாமல் போனதும் தேனீக்கள் இளம் புழுக்களை வைத்து அவசரமாகப் புது ராணி அறைகள் கட்டும். முட்டையிட ஆளில்லாததால் ஒரு வாரத்தில் ராணியாக்கத் தகுந்த இளம் புழு தீர்ந்துவிடும். அன்றைக்குக் குண்டூசிச் சட்டத்து அறையைத் தவிர மற்றதை எடுத்துவிட்டால், அப்புறம் புதிதாகக் கட்ட வழியில்லை. நான் ஆர்வக்கோளாறில் ஐந்தாம் நாளே மூடியில் கைவைப்பவன். குறிப்பேடு எழுதுவது எங்கள் சின்னவள். "அப்பா, இன்னும் ரெண்டு நாள் இருக்கு" என்று அவள் தடுத்துத்தான் பல பெட்டிகள் பிழைத்தன. ராணியைக் கண்டுபிடிப்பது என் மனைவியின் வேலை. நான் இரண்டு முறை புரட்டிய சட்டத்தில் அவள் எட்டிப் பார்த்ததுமே காட்டிவிடுவாள்.

பிறகு மூன்று நான்கு வாரம் சும்மா இருக்க வேண்டும். புது ராணி முட்டையிலிருந்து 16ஆம் நாள் வெளியே வந்து, முதிர்ந்து, வெயில் நாள் பார்த்துப் பறந்து இணைசேர்ந்து, அப்புறம்தான் முட்டையிடும். இந்த இடைவெளியில் திறந்து குடையாமல் இருப்பது நல்லது. வேறொரு நிபந்தனையும் உண்டு. ஆண் தேனீ வெளிவர 24 நாள், இணைசேரும் பக்குவத்துக்கு மேலும் சுமார் 12 நாள். ஆண்கள் பறக்காத குளிரில் அவசரப்பட்டுப் பிரித்தால் ராணிக்கு மாப்பிள்ளை இல்லை.

பிரித்தால் தேன் குறையும் என்பது பாதி உண்மை. பேக்டன் முறையில் மூத்த தேனீக்கள் ஒரு பெட்டியிலும் புழுக்கள் இன்னொன்றிலுமாகக் குடும்பம் இரண்டாகிறது. சிறு பெட்டி முறையில் தீனி தேடும் படை பெரிய பெட்டியிலேயே தங்கிவிடுவதால் எங்களுக்கு இழப்பு அதிகம் தெரியவில்லை. கொசுறு லாபம் ஒன்று: தேனீக்களைத் தாக்கும் வர்ரோவா உண்ணி மூடிய புழு அறைக்குள்தான் பெருகும். பெரிய பெட்டியில் சில நாள் மூடிய புழுவே இல்லாமல் போவதால் அதன் பெருக்கமும் தடைபடுகிறது.

மூன்றாவது வழி, பறக்க விடுவது. இதுதான் பார்க்க அழகு. 1949 வாக்கில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவர், கிளையில் தொங்கிய கூட்டத்தின் மேல் கரியும் செங்கல் தூசியும் படிந்த தேனீக்கள் நடனமாடுவதைக் கவனித்தார். வீடு பார்க்கப் போய் வந்தவை அவை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் சீலி பின்னாளில் அவற்றின் ரசனையை அளந்தே சொல்லிவிட்டார்: சுமார் 40 லிட்டர் பொந்து, சின்ன வாசல், தரையிலிருந்து நல்ல உயரம். அந்த அளவில் ஒரு காலிப் பெட்டி, உள்ளே ஒரு பழைய அடை. செலவு அவ்வளவே. பிடிபட்ட கூட்டம் புது அடை கட்டும் வேகமும் அசரவைக்கும்.

ஆனால் அவை நம் பெட்டியைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டுப் புகைபோக்கியும் ஏறக்குறைய அதே அளவுதான். கிளையில் தொங்கும் கூட்டம் பெரும்பாலும் சாதுவானது, காக்க வேண்டிய வீடு அதற்கு இல்லை. ஆனால் அதைப் பக்கத்து வீட்டாருக்கு வேலிக்கு மேலாக விளக்கிப் பாருங்கள்.

ஆக, எங்கள் வரிசை இதுதான். சிறு பெட்டி முதலில். கையில் பெட்டி இல்லாத அவசரத்துக்கு மட்டும் கத்தி, அதுவும் ஒரு வாரம் தள்ளிப்போட. தினமும் வீட்டில் இருக்கும், இரண்டே பெட்டி வைத்திருக்கும் ஒருவருக்கு வெட்டுவதே கூடப் போதுமாக இருக்கலாம். காலிப் பெட்டியையும் மரத்தில் கட்டித்தான் வைக்கிறோம். போன வசந்தத்தில் எங்கள் ஆறில் ஒன்றும் பிரிந்து போகவில்லை, ஆனால் அந்தப் பெட்டி நிறைந்துவிட்டது. யார் வீட்டுக் கூட்டமோ, இன்றுவரை ஒருவரும் தேடி வரவில்லை.