ஐகான் தேடுவதற்கு ஒன்று, எடுப்பதற்கு இன்னொன்று

மட்டக்களப்பில் ஓ.எல். ஐசிடி (தகவல் தொழில்நுட்பப் பாடம்) வகுப்புக்கு டியூட், அதாவது பாடக் குறிப்புத் தாள், அடிக்கிறவர்கள் பலர் ஐகான் வேண்டுமென்றால் திரையைப் படம்பிடித்து வெட்டி ஒட்டுகிறார்கள். போட்டோகொப்பி எடுத்ததும் அது கறுப்புத் திட்டாகிவிடுகிறது. அதே ஐகான் விண்டோஸ் கோப்புக்குள்ளேயே பெரிய அளவில் இருக்கிறது. வெளியே எடுக்க இலவசக் கருவிகளும் உண்டு.

எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் நிர்சொஃப்டின் ஐகான்ஸ்எக்ஸ்ட்ராக்ட்தான். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, பென் டிரைவில் வைத்தே ஓட்டலாம். ஒரு போல்டரைக் காட்டினால் உள்ளே இருக்கும் எக்ஸ்இ, டிஎல்எல் (நிரல் கோப்பு வகைகள்) எல்லாவற்றையும் துழாவி ஐகான்களை வரிசையாகக் காட்டும். விண்டோஸின் சிஸ்டம்32 போல்டர் முழுவதையும் காட்டிவிட்டால் கொட்டுகிற குவியலில் கண் பூத்துப்போகும். அளவைக் குறிப்பிட்டுத் தேடுங்கள்.

கோப்பு தெரிந்தால் நான் ரிசோர்ஸ் ஹேக்கர் என்ற கருவியைத்தான் திறப்பேன். அங்கஸ் ஜான்சன் எழுதியது. இடப்பக்கம் 'ஐகான்', 'ஐகான் குரூப்' என இரண்டு கிளைகள் வரும். முதலாவதில் ஒவ்வொரு அளவும் தனித்தனி. இரண்டாவதைச் சேமித்தால் 16 முதல் 256 பிக்சல் வரை உள்ளதெல்லாம் ஒரே ஐகோ (.ico) கோப்பாக வரும். அச்சுக்கு 256தான் வேண்டும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது சுமார் 2 சென்டிமீட்டர் அகலம், டியூட்டுக்குத் தாராளம். 48 பிக்சல் என்றால் வெறும் 4 மில்லிமீட்டர். ஒன்று கவனம்: இது கோப்பைத் திருத்தவும் வல்லது. மூலக் கோப்பின் மேலேயே சேமித்தால் அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. பிரதி எடுத்து, அதைத் திறப்பதே நல்லது.

கோப்புகளைச் சுருக்கி விரிக்கும் செவன்-ஜிப் பல கணினிகளில் ஏற்கெனவே இருக்கும், அதுதான் அதன் பலம். எக்ஸ்இயைத் திறந்து ரிசோர்ஸ் போல்டருக்குள் போகலாம். ஆனால் அளவுகள் சிதறிக் கிடக்கும், குழுவாக வராது. அவசரத்துக்குச் சரி.

எந்தக் கருவியானாலும் ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பிலிருந்து இமேஜ்ரெஸ், ஷெல்32 என்ற டிஎல்எல் கோப்புகளின் ஐகான்கள் 'சிஸ்டம்ரிசோர்சஸ்' போல்டரில் .mun என்று முடியும் கோப்புகளாக இடம் மாறிவிட்டன. ரீசைக்கிள் பின் ஐகானும் அங்கேதான். அந்தக் கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் கடைசியை .டிஎல்எல் என்று மாற்றித் திறக்கலாம்.

ஷார்ட்கட்டின் ஐகானை மாற்ற மட்டும்தான் என்றால் இவை எதுவும் வேண்டாம். புரொபர்டீஸில் 'சேஞ்ச் ஐகான்' போதும்.