ராம்னியா, எஸ்க்டேலா? இங்கிலாந்தின் இரண்டு குட்டி நீராவி ரயில்கள்

இங்கிலாந்தில் குட்டி நீராவி ரயிலில் ஒரு நாள் போய்வர வேண்டும் என்றால் போட்டி இரண்டுக்கு நடுவில்தான். தென்கிழக்கே கென்ட் கடலோரத்தில் ராம்னி, ஹைத் அண்ட் டிம்சர்ச் ரயில்வே. வடமேற்கே கம்ப்ரியாவில் ரேவன்கிளாஸ் அண்ட் எஸ்க்டேல். இரண்டிலும் தண்டவாள இடைவெளி 15 அங்குலம்தான். பள்ளிக்கூட ஸ்கேலைவிட நாலு விரல் அதிகம், அவ்வளவே.

ராம்னி ரயில் பணக்கார ஆசையில் பிறந்தது. ஹோவி, ஸ்பொரோவ்ஸ்கி என்ற இரண்டு ரேஸ் கார் பிரியர்களின் கனவு அது. 1924இல் இத்தாலியின் மோன்சா கார் பந்தயத்தில் ஸ்பொரோவ்ஸ்கி இறந்துபோக, ஹோவி விடாமல் 1927இல் பாதையைத் திறந்தார். பெரிய எக்ஸ்பிரஸ் இன்ஜின்களை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கிய இன்ஜின்கள், ஹைத்திலிருந்து நியூ ராம்னி வரை இரட்டைப் பாதை என்று எல்லாமே ஜம்பம்தான்.

எஸ்க்டேல் கதை நேர்மாறு. 1875இல் இரும்புத் தாது இறக்க மூன்றடி இடைவெளியில் போட்ட பாதை அது. நொடித்துப்போய் 1913இல் மூடினார்கள். 1915இல் மாடல் ரயில் ஆட்கள் வந்து 15 அங்குலத்துக்குச் சுருக்கினார்கள். 1960இல் ஏலத்துக்கு வந்தபோது ஆர்வலர்கள் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பொம்மையாகப் பிறந்த ராம்னியும் நிஜ வேலை நிறையப் பார்த்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் எடுத்துக்கொண்டு கவச ரயிலே ஓட்டியது. 2015 வரை பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றது.

சரி, ஏறி உட்கார்ந்தால்? ராம்னியில் சுமார் 22 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல். இன்ஜின் ஓடும் ஓட்டம் அருமை. ஜன்னலுக்கு வெளியே பெரும்பாலும் தட்டையான சதுப்புநிலமும் வீட்டுக் கொல்லைப்புறங்களும்தான். யாரோ கொடியில் உலர்த்திய துணியைத் தாண்டிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, எல்லோருக்கும் இருக்காது. கடைசியில் டஞ்சனெஸ்: கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல், கலங்கரை விளக்கம், மூடிவிட்ட அணுமின் நிலையம். பிடித்தவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்; மற்றவர்கள் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவார்கள்.

எஸ்க்டேலில் 11 கிலோமீட்டர், 40 நிமிடம். கழிமுகத்தை ஒட்டிக் கிளம்பி, காட்டுக்குள் நுழைந்து, மலைகளுக்கு நடுவே ஏறுகிறது. திறந்த பெட்டியில் உட்கார்ந்தால் கரித்தூள் சட்டையில் விழும், மழையும் விழும். கம்ப்ரியாவில் மழைக்குப் பஞ்சமில்லை. கடைசி நிலையமான டேல்கார்த்தில் இறங்கியதும் கூட்டம் இன்ஜினைச் சூழ்ந்துகொள்ளும்: கழற்றி, சுழல்மேடையில் ஏற்றி, ஆட்களே தள்ளித் திருப்புவார்கள். அப்புறம் நடந்தால் ஸ்டான்லி கில் அருவி, பூட் கிராமத்தில் தண்ணீர்ச் சக்கரத்தில் ஓடும் பழைய மாவு மில்.

லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு ராம்னி பக்கம், ஆனால் ஹைத்துக்குப் பெரிய ரயில் கிடையாது. ஃபோக்ஸ்டோனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ரேவன்கிளாஸ் வெகுதூரம், ஆனால் பெரிய ரயில் நிலையமும் குட்டி ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில்.

இன்ஜின் பைத்தியம் பிடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் ராம்னிக்கே போங்கள். மற்றபடி என் ஓட்டு எஸ்க்டேலுக்குத்தான். ராம்னியில் ரயில்தான் காட்சி, எஸ்க்டேலில் ரயில் ஓர் இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. மேலே ரயிலில் போய், பள்ளத்தாக்கில் நடந்து இறங்கி, வழியில் ஏதாவது ஒரு நிலையத்தில் ஏறிக்கொள்ளலாம். கோடைக் கூட்டத்தில் மட்டும் வழியில் இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். குளிர்காலத்தில் இரண்டுமே தினமும் ஓடாது, கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.