கச்சேரி கேட்ட காதுக்கு முதல் ஜாஸ் ஆல்பம் எது?

பெசன்ட் நகரில் ஒரு நண்பர் வீட்டு மாடியறையில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஜாஸ் இசையில் ஈடுபாடு கொண்ட நாங்கள் ஆறேழு பேர் கூடுவது வழக்கம். அவரவர் அந்த மாதம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பத்தைக் கொண்டுவர வேண்டும். இடையில் நிறுத்தாமல் முழுவதும் கேட்ட பிறகே பேச வேண்டும். சென்ற மாதம் வீணை கற்பிக்கும் பெண்மணி ஒருவர் முதன்முறையாக வந்திருந்தார். இருபது ஆண்டுகளாக மார்கழிக் கச்சேரிகளைத் தவறவிடாதவர். ஜாஸ் என்ற பெயரில் எதையும் கேட்டிராதவர். தம்மைப் போன்றவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, மூவர் மூன்று ஆல்பங்களை முன்வைத்தார்கள்: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, ஆலிஸ் கோல்ட்ரேனின் ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’, அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவும் கர்நாடக சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத்தும் சேர்ந்து வாசித்த ‘கின்ஸ்மென்’.

அறையிலிருந்த பெரும்பாலோர் பின்னிரண்டில் ஒன்றையே பரிந்துரைத்தார்கள். தம்பூராவும் மிருதங்கமும் ஒலிக்கும் இசை நம் காதுக்கு எளிதில் பிடிபடும் என்பது அவர்கள் கருத்து. நான்கு வாரம் மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டபின், நான் அதற்கு நேர்மாறான முடிவுக்கே வந்திருக்கிறேன். நம் வாத்தியம் ஒன்றுகூட இல்லாத ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’தான், இசை நடக்கும் முறையில், நமக்கு மிக அருகில் இருக்கிறது.

அந்த ஆல்பம் 1959ஆம் ஆண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாள்களில், நியூயார்க்கின் முப்பதாம் தெருவில் முன்பு தேவாலயமாக இருந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. அதற்கு முந்தைய ஜாஸில் கார்டுகள், அதாவது ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள், அடுத்தடுத்து மாறிக்கொண்டே போகும். வாசிப்பவர் அவற்றின் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். மைல்ஸ் அந்த ஓட்டத்தைத் தணித்து, ஒரு ஸ்வர வரிசையைக் கையில் கொடுத்து, அதற்குள்ளேயே நெடுநேரம் நின்று கற்பனை செய்ய இடம் அமைத்தார். முதல் உருப்படியான ‘ஸோ வாட்’டில் வரும் டோரியன் வரிசை, நம் கணக்கில் 22ஆவது மேளமான கரகரப்பிரியாவின் ஸ்வரங்களைக் கொண்டது. கமகம் இல்லாததால் அது கரகரப்பிரியா ராகமாக ஒலிக்காது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் ஒரே ஸ்வரக் கூட்டத்துக்குள் ஒருவர் என்னவெல்லாம் கண்டெடுக்கிறார் என்று உற்றுக் கேட்கும் பழக்கம், ராக ஆலாபனையில் ஊறிய நமக்குப் பிறருக்கு இருப்பதைவிட அதிகம்.

அந்த உருப்படிக்கு ஆதி தாளம் போட்டுக் கேட்கலாம். ஒவ்வொருவர் வாசிப்பும் பதினாறு ஆவர்த்தனச் சுற்றுகளாக அமைந்திருக்கிறது. எட்டு ஆவர்த்தனம் முடிந்ததும் அதே ஸ்வர வரிசை அப்படியே ஒரு ஸ்வரஸ்தானம் மேலேறுகிறது. நான்கு ஆவர்த்தனம் அங்கே நின்றுவிட்டு, கடைசி நான்குக்குக் கீழே இறங்கிவிடுகிறது. பாட்டின் நடுவே ஆதார சுருதியே நகர்வது நம் மேடையில் நடக்காத காரியம். அந்த ஒன்பதாவது ஆவர்த்தனம் முதல்முறை உடம்பைத் தூக்கிவாரிப் போடும். மூன்றாம் முறை கேட்கும்போது அதற்காகவே காத்திருக்கத் தொடங்கிவிடுவோம். இதே சட்டகத்துக்குள் முதலில் மைல்ஸ் டிரம்பெட்டில் மிகச் சில ஸ்வரங்களை வைத்துவிட்டு இடைவெளிகளைப் பேசவிடுகிறார்; அடுத்து வரும் ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்ஸபோனில் அந்த இடைவெளிகளை நெருக்கி அடைக்கிறார்; பின்னர் கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்ஸபோனோடு குதூகலமாக நுழைகிறார். ஒரே ராகத்தை மூன்று வித்வான்கள் அடுத்தடுத்து எடுத்துக்கொண்டால் எப்படியிருக்குமோ, அந்த ருசி இதில் இருக்கிறது.

கடைசி உருப்படியான ‘ஃப்ளமென்கோ ஸ்கெட்ச்சஸ்’ இன்னும் நெருக்கமானது. ஐந்து ஸ்வர வரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்குவது என்பதை வாசிப்பவரே தீர்மானித்துக்கொள்கிறார். ராகமாலிகையில் விருத்தம் பாடும் ஒருவர், மனம் நிறைந்த பிறகு அடுத்த ராகத்துக்குப் போவதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பில் எவன்ஸின் பியானோ அந்த ஒவ்வொரு மாற்றத்தையும் எவ்வளவு மென்மையாகத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. முதல் நாள் பதிவின்போது டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், பழைய இசைத்தட்டுகளின் முதல் பக்கம் ஏறத்தாழ அரை ஸ்வரஸ்தானம் சுருதி ஏறி ஒலிக்கும். 1990களின் மறுவெளியீடுகளில்தான் அது சரிசெய்யப்பட்டது. நண்பரின் தந்தை மூர் மார்க்கெட்டில் வாங்கிய தட்டைக் கேட்டு முடித்ததும், அந்த வீணை ஆசிரியை கைப்பேசியில் தம்பூராவை ஒலிக்கவிட்டு, முதல் பக்கம் சேரவில்லை, இரண்டாம் பக்கம் சேர்கிறது என்று தாமாகவே கண்டுபிடித்துச் சொன்னார். சுருதி சுத்தத்தை விரும்புபவர்கள் புதிய பதிப்பையே வாங்குவது நல்லது.

‘ஜர்னி இன் சச்சிதானந்தா’ 1971இல் வெளிவந்தது. தலைப்பில் இருப்பவர் கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவின் தொடக்கத்தில் உரையாற்றியவர். கணவர் ஜான் கோல்ட்ரேன் 1967இல் மறைந்த துயரத்துக்குப் பின் ஆலிஸ் அவரிடம் ஆன்மிக வழிகாட்டுதல் பெற்றார். ஆல்பத்தில் ஆலிஸின் ஹார்ப், ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன், இவற்றுக்கு அடியில் தம்பூரா. சிக்கல் அந்தத் தம்பூராவில்தான் இருக்கிறது. அதன் ஒலி எழுந்ததும் நம் காது ராகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடுகிறது. இங்கோ அது நிறம் சேர்க்க வந்திருக்கிறது, இசையைத் தாங்கும் அடித்தளம் சீசில் மெக்பியின் பாஸில் சுழன்று சுழன்று வரும் சொற்ப ஸ்வரங்களில் இருக்கிறது. மனோதர்மத்தின் படிப்படியான வளர்ச்சியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நாம சங்கீர்த்தனத்தைக் கேட்பதுபோல், திரும்பத் திரும்ப வருவதில் கரைய அணியமாக இருந்தால் இது பெரும் ஆறுதலைத் தரும். ஆலிஸ் பின்னாளில் கலிபோர்னியாவில் ஆசிரமம் அமைத்து பஜனைகளைப் பதிவு செய்தது தற்செயல் அன்று.

2008இல் வந்த ‘கின்ஸ்மென்’ மூன்றிலும் உடனடியாகப் பிடித்துப்போவது. 1994இல் ‘டூயட்’ படத்தில் கத்ரியின் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கியவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. அவரும் ருத்ரேஷும் வாசிப்பது ஆல்டோ சாக்ஸபோன்தான். கத்ரி ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்வார். ருத்ரேஷ் ஒவ்வொரு ஸ்வரத்தையும் கூர்மையாக வெட்டி வைப்பார். ஏ. கன்யாகுமாரியின் வயலினும் பூவாலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும், கிட்டார், பாஸ், டிரம்ஸுக்குச் சரிசமமாக உரையாடுகின்றன. ஆயினும் முதல் ஆல்பமாக இதை நான் கொடுக்க மாட்டேன். தெரிந்த பாதி, தெரியாத பாதியை விழுங்கிவிடுகிறது. எங்கள் அறையிலேயே கத்ரியும் மிருதங்கமும் வந்த இடங்களில் எல்லோர் கையும் தொடையில் தாளம் போட்டது. ருத்ரேஷ் தனியே ஏறிச் சென்ற இடங்களில் காபிக் கோப்பைகள் நகர்ந்தன. அவர் என்ன செய்கிறார் என்று கேட்கும் பழக்கம் அந்தக் காதுகளுக்கு அதற்குள் வந்திருந்தால், ஆல்பம் இரு மடங்கு பெரிதாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே என் வரிசையில் முதலில் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, அதுவும் குறைந்தது ஒரு மாதம்; அடுத்து ‘கின்ஸ்மென்’. ஆலிஸின் ஆல்பத்துக்கு வரிசை எண் கொடுக்க எனக்கு மனமில்லை. இரவு வேலையெல்லாம் முடிந்து வீடு அடங்கிய நேரத்தில் அதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த மாதக் கூட்டத்துக்கு வீணை ஆசிரியை மீண்டும் வந்தார். மைல்ஸையும் கோல்ட்ரேனையும் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. ‘ஸோ வாட்’டில் மூன்றாவதாக வாசிப்பவர், சுருதி மேலேறும் இடத்தை ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே தாண்டுகிறாரே, அவர் வாசிப்பு வேறு எதில் கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு, ‘கின்ஸ்மென்’ குறுந்தகட்டை வாங்கிச் சென்றார்.