நீராவி கன்ட்ரோல் வால்வு: ஓடும்போதே பார்ப்பதா, நிறுத்திக் கழற்றுவதா?

பாய்லர் வைத்து ட்ரையரைச் சூடாக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளில் நீராவியின் அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வால்வு சிக்கிக்கொண்டால், தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரும் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டரும் எதிரெதிரே நிற்பார்கள். "தம்பி, பைபாஸைத் திறந்துவிட்டு வேலையைப் பாருங்க" என்பார் டீமேக்கர். நொதித்த இலை காத்திருக்காது என்பதால் அவர் பேச்சிலும் நியாயம் உண்டு.

பைபாஸில், அதாவது அந்த வால்வைச் சுற்றிப் போகும் கைவால்வுக் குழாயில், ஓட்டினால் உற்பத்தி நிற்காது, ஆனால் ட்ரையரின் சூடு ஒருவர் கைப்பிடியில் தொங்கும். சற்று அசந்தால் தூள் கருகும், அல்லது ஈரத்தோடு வெளியே வரும். அதைவிடப் பெரிய ஆபத்து வால்வுக்குள் இருக்கிறது. 7 பார் அழுத்தத்தில் நீராவியின் சூடு சுமார் 170 பாகை. அதன் முன்னும் பின்னும் உள்ள இரண்டு அடைப்பு வால்வுகளை மூடினாலும் நடுவே சுடுநீர் தங்கும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். வால்வு உடலின் மேல்மூடியான போனட்டைத் தளர்த்திய நொடியில் அந்தச் சுடுநீரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆவியாகி முகத்துக்கு நேரே சீறும். பழைய அடைப்பு வால்வு கசிந்தால், பின்னால் பாய்லரே நிற்கிறது. ஆகவே வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்பதைக் காற்றழுத்தத்தால் சரிசெய்யும் பொசிஷனரைச் சரிபார்ப்பது, காற்று பில்டரில் தேங்கிய தண்ணீரை வடிப்பது போன்ற வெளிவேலைகளுக்கு மட்டும் பைபாஸ் போதும். மழைக்காலத்தில் வால்வின் கோளாறு என்று நினைப்பது பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். முதலில் அங்கே பாருங்கள்.

வால்வின் உடலைத் திறக்க வேண்டுமானால் லைனை நிறுத்தியே ஆகவேண்டும். அதற்கு நேரமும் உண்டு. கொழுந்து வாட 12 முதல் 18 மணி நேரம் ஆகும். ஒரு நாள் தூள் முடிந்து, அடுத்த கொழுந்து வாடி இறங்கும்வரை ட்ரையர் சும்மாதான் நிற்கும். அடைப்பு வால்வுகளில் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும். வடிகாலைத் திறந்து, அழுத்தம் போய்விட்டதைக் கண்ணால் பார்த்து, குழாய் ஆறிய பிறகுதான் ஸ்பேனர். ஸ்பேனர் வைக்கும் முன்பே காற்றுக் குழாயையும் கழற்ற வேண்டும்.

காற்று போனாலும், வால்வை அசைக்கும் ஆக்சுவேட்டரின் ஸ்பிரிங் அழுந்தியேதான் இருக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் அதன் இறுக்கத்தைத் தளர்த்துங்கள். சில வகைகளில் ஆக்சுவேட்டர் மூடியைச் சுற்றி நீளமான போல்ட்கள் இரண்டு மூன்று இருக்கும். அவற்றைக் கடைசியாக, மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். குட்டையானவற்றைக் கடைசிக்கு வைத்தால் மூடி பறந்துவரும்.

மூன்றாவது வழியாக, தயாராக இருக்கும் இன்னொரு வால்வை மாட்டிவிட்டு, கழற்றியதை மேசையில் வைத்து நிதானமாகப் பழுதுபார்க்கலாம். பணம் கூடுதல்தான். ஆனாலும் என் ஓட்டு இதற்கே, ஏனென்றால் அவசரமே இல்லை: வால்வு மூடும்போது அடைப்பு வந்து உட்காரும் சீட்டைத் தேய்த்துப் பொருத்தலாம், தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை முழுதாக மாற்றலாம். பழைய பேக்கிங் அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும் என்பதால் நனைத்தே எடுங்கள், காற்றடித்து ஊதாதீர்கள். மாற்று வால்வின் இரு வாயையும் இறுக்கி மூடி வையுங்கள். மலைநாட்டு மூடுபனி ஈரம் உள்ளே இறங்கினால் புது சீட்டிலும் துரு ஏறக்கூடும்.