பாங்காக், சாயங்காலம் அஞ்சரை மணி: ரயிலா, படகா, வின்னா, டாக்சியா?

பாங்காக்கில் தாமதமாக வருகிறவர் சொல்லும் சமாதானம் இரண்டே சொல்: "ரொட் தித்". வண்டி மாட்டிக்கொண்டது என்று பொருள். கேட்பவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிடுவார். நேற்று அவர் சொன்னதும் அதுதானே. ஓரிடத்துக்கு எப்படிப் போவது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டால் கிலோமீட்டரை விசாரிக்க மாட்டார். எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய், இடம் சொய்க்குள் எவ்வளவு தூரம் உள்ளே இருக்கிறது என்றுதான் கேட்பார்.

சொய் என்பது பெரிய சாலையிலிருந்து கிளைக்கும் தெரு. சிலது நூறடி நீளம், சிலது இரண்டு மூன்று கிலோமீட்டர். பலது முட்டுச்சந்து. சுகும்வித் சாலையில் வடக்குப் பக்கம் ஒற்றைப்படை எண்கள், தெற்குப் பக்கம் இரட்டைப்படை. ஆனால் எண்கள் எதிரெதிரே பொருந்தாது. 55ஆம் சொய்யான தோங்லோவுக்கு எதிரே இருப்பது 38. முட்டுச்சந்துகள் இத்தனை இருப்பதால் எல்லா வண்டிகளும் கடைசியில் அதே நாலைந்து பெரிய சாலைகளில்தான் வந்து விழவேண்டும். நெரிசலின் வேர் இதுதான். நாம் தெருமுனை என்பதை அவர்கள் "பாக் சொய்", அதாவது சொய்யின் வாய் என்கிறார்கள். பாங்காக் பயணம் எதுவானாலும் அந்த வாய்க்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு துண்டு.

ரயில், படகு, வின் எனப்படும் மோட்டார் சைக்கிள் டாக்சி, கார் டாக்சி என நாலு வழிகளையும் ஒரே தடத்தில் வைத்துப் பார்ப்போம். தோங்லோ தெருவின் நடுவிலிருந்து பழைய நகரத்தில் வாட் சகேத் புத்தக் கோயிலின் பொன்மலை வரை. சாலை வழியே சுமார் பத்து கிலோமீட்டர். வார நாள், மாலை அஞ்சரை.

மேலும் கீழும் ஓடும் ரயில்

1999 டிசம்பரில் ஓடத் தொடங்கியது மேம்பால ரயில் பிடிஎஸ். சுரங்க ரயில் எம்ஆர்டி 2004இல் வந்தது. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள், வேறு டிக்கெட், வேறு கட்டணம். ஒரே இடத்தில் சந்திக்கும் நிலையங்களுக்குக்கூடப் பேர் வேறு: மேலே அசோக் என்றால் கீழே சுகும்வித், மேலே சாலா டேங், கீழே சீலோம், மேலே மோ சித், கீழே சதுசக் பூங்கா. வரைபடம் பார்த்துக் குழம்புகிறவர்கள் முக்கால்வாசி இங்கேதான் குழம்புகிறார்கள்.

நம் தடத்துக்குத் தோங்லோ நிலையத்தில் ஏறி இரண்டாவது நிறுத்தமான அசோக்கில் இறங்கி, கீழே போய் எம்ஆர்டியின் நீலத் தடத்தில் எட்டு நிறுத்தம் தாண்டி சாம் யோத்தில் இறங்கவேண்டும். நீலத் தடம் பழைய நகரத்துக்குள் நுழைந்ததே 2019இல்தான். கட்டணம் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 60 பாட். ரயில் நகரும் நேரம் இருபது நிமிடத்தை ஒட்டித்தான். மற்ற நேரமெல்லாம் அசோக்கில் போகிறது: படி இறங்கி, பை சோதனைக்கு நின்று, வரிசையில் காத்திருக்கவேண்டும். பிடிஎஸ் நாலு பெட்டி, நீலத் தடம் மூன்றே பெட்டி. ஆறு மணிக்கு முதல் ரயிலை விட்டுவிட்டு இரண்டாவதில் ஏறுவது சாதாரணம். சாம் யோத்தில் இறங்கினாலும் பொன்மலைக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாக்கி. மொத்தம் ஐம்பத்தைந்து நிமிடம், ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் மாறாது, மழை பெய்தாலும் அதேதான். ரயிலின் முழு மதிப்பும் அதில்தான் இருக்கிறது.

எம்ஆர்டி நீலத் தடத்தில் தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையை நேரே வாயிற்கதவில் வைக்கலாம். பிடிஎஸ்ஸில் அது செல்லாது. அதற்கு ராபிட் அட்டை வேண்டும். 200 பாட் கொடுத்தால் 100 அட்டைக்குப் போகும், 100 பயணத்துக்கு இருக்கும். வெளிநாட்டவர் பாஸ்போர்ட் காட்டவேண்டும். வாரத்தில் நாலு முறை போகிறவருக்கு அட்டை வசதி. ஒரு நாளைக்கு வந்தவர் இயந்திரத்திலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம்.

நகரும் படிக்கட்டில் வலப்பக்கம் நிற்பார்கள், இடப்பக்கம் நடப்பவர்களுக்கு. ரயிலுக்குள் சத்தமாகப் போன் பேசினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் பெட்டி முழுக்க அமைதியாக இருப்பது உங்களுக்கே உறைக்கும். டுரியான் பழத்துக்கு அனுமதி இல்லை. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நிலையத்தில் நாட்டுப்பண் ஒலிக்கும். அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். ரயில் வந்து நின்றிருக்கிறதே என்று அந்த நேரத்தில் ஓடக்கூடாது.

படகு: பழைய வாய்க்கால், வேகமான வழி

சேன் சேப் வாய்க்காலை வெட்டத் தொடங்கியது 1837இல், மன்னர் மூன்றாம் ராமா காலத்தில். வியட்நாமியரோடு நடந்த போருக்குப் படையும் தளவாடமும் அனுப்ப வெட்டியது. இன்று அலுவலகம் போகிறவர்கள் அதில் போகிறார்கள். தோங்லோவின் வடகோடியிலேயே ஒரு துறை இருக்கிறது. கட்டணம் தூரத்தைப் பொறுத்து 10 பாட்டிலிருந்து 20 சொச்சம் வரை. பிராதுநாம் துறையில் எல்லாரும் இறங்கிப் படகு மாறவேண்டும், டிக்கெட் அதேதான். கடைசித் துறையான பான்ஃபாவில் கரையேறி வெளியே வந்தால் பொன்மலை கண்ணுக்கு முன்னால் நிற்கும். துறைக்குப் போவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்து நாற்பது நிமிடம். மாலையில் கூட்டம் நகரை விட்டுக் கிழக்கே போகும். நாம் மேற்கே போவதால் உட்கார இடமும் கிடைக்கும். காலையில் இது தலைகீழ்.

ஏறுவதில்தான் பழக்கம் தேவை. படகு துறையில் கட்டி நிற்காது. டயர் வரிசையில் இடித்து, சில நொடி உறுமிக்கொண்டு நின்று, கிளம்பிவிடும். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்து, ஒரு கால் படகின் விளிம்பில், அடுத்த கால் உள்ளே. கால் வைப்பதா வேண்டாமா என்று நடுவில் யோசிக்கிறவர்தான் விழுவார். விளிம்புச் சீட்டில் உட்கார்ந்தால் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் திரையை இழுக்கும் கயிறு உங்கள் பொறுப்பு. எதிரே இன்னொரு படகு வரும்போது இழுத்துப் பிடிக்கவேண்டும். விட்டுவிட்டால் கறுப்புத் தண்ணீர் உங்கள் மேல் மட்டுமல்ல, பின்னால் இருப்பவர் சட்டையிலும் விழும், புன்னகையோடுதான் முறைப்பார். வாயை மூடிக்கொள்வது நல்லது. தலைக்கவசம் போட்ட நடத்துநர் படகுக்கு வெளியே, விளிம்பிலேயே நடந்துவந்து காசு வாங்குவார். அவர் ஏன் தலைக்கவசம் போட்டிருக்கிறார் என்பது முதல் தாழ்ந்த பாலம் வந்ததும் புரிந்துவிடும். தண்ணீர் உயர்ந்திருக்கும் நாளில் படகின் கூரையையே கீழே இறக்குவார்கள்; உயரமானவர்கள் குனியவேண்டும்.

குறைகள் சின்னதல்ல. நாற்றம் உண்டு, இன்ஜின் இரைச்சல் உண்டு. பெட்டி, தள்ளுவண்டிக் குழந்தை, முழங்கால் வலி, இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். வார நாளில் இரவு எட்டரை வாக்கில் முடிந்துவிடும், சனி ஞாயிறில் இன்னும் சீக்கிரம். இத்தனையும் சேர்த்துப் பார்த்தும், வாய்க்காலுக்கு இரண்டு முனையும் அருகில் இருக்கும் எந்த மாலைப் பயணத்துக்கும் இதை மிஞ்ச வேறு வழி கிடையாது. பாங்காக்கில் பல வருடம் இருந்தும் ஒரு தடவைகூட ஏறாதவர்கள் நிறைய, அவர்களுக்கு நஷ்டம்.

வின்

ஆரஞ்சு மேல்சட்டை, முதுகில் எண், சொய்யின் வாயில் பந்தல் போட்டு வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள். அந்த நிறுத்தத்துக்கும் வண்டிக்கும் சேர்த்து "வின்" என்று பேர். ரயிலும் படகும் சொய்க்கு வெளியே செய்வதை வின் உள்ளே செய்கிறது. ஆகவே அது அவற்றுக்குப் போட்டி என்பதைவிட கூட்டாளி என்பதே சரி. அரசு வைத்த கணக்கில் முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 25 பாட்டுக்கு மேல் வாங்கக்கூடாது. நிறுத்தத்தில் விலைப்பலகை தொங்கும். 10, 15, 20 என்று சொய் உட்பிரிவு வாரியாக எழுதியிருப்பார்கள். பலகை இருக்கும் இடத்தில் பேரம் கிடையாது. இடத்தைச் சொல்லி "தாவ் ராய்?" (எவ்வளவு) என்று கேட்டு, பெண்ணானால் "கா", ஆணானால் "க்ராப்" சேர்த்து ஏறவேண்டியதுதான். ஓட்டுநரை அண்ணனுக்கும் அக்காவுக்கும் பொதுவான ஒரு சொல்லால் அழைப்பார்கள். தமிழில் எழுதினால் முகம் சுளிப்பீர்கள் என்பதால் உச்சரிப்பை மட்டும் சொல்கிறோம்: மூச்சை அழுத்தி "ப்ஹீ".

இடப்பக்கமாக ஏறி இடப்பக்கமாகவே இறங்குங்கள். சைலன்சர் வலப்பக்கம்; கெண்டைக்காலில் வட்டமான தழும்போடு திரிகிறவர்கள் அவசரமாக வலப்பக்கம் இறங்கியவர்கள். முழங்காலை உள்ளே ஒடுக்கவேண்டும். இரண்டு கார்க் கண்ணாடிகளுக்கு நடுவே ஓட்டுநர் விடும் இடைவெளி அவர் கைப்பிடியின் அகலத்துக்குத்தான். தலைக்கவசத்தைக் கேட்டு வாங்குங்கள், உள்ளே வியர்வை வாடை இருந்தாலும்.

முழுத் தடத்தையும் வின்னிலேயே போகலாமா? முப்பது நிமிடத்தில் கொண்டுபோய் விடுவார்கள், நாலு வழிகளில் இதுதான் வேகம். ஆனால் தொலைதூரத்துக்குப் பலகை உதவாது. ஏறும் முன்பே தொகை பேசவேண்டும், நூறைத் தாண்டும். செயலியில் கூப்பிட்டால் தொகை முன்கூட்டியே தெரியும். பத்து கிலோமீட்டர் புகையும் லாரிகளுக்கு நடுவே ஊடுருவலும் எல்லாருக்கும் ஒத்துவராது. நேர்முகத் தேர்வுக்குத் தாமதமானால் சரி. தினமும் வேண்டாம்.

டாக்சி

மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், அது முதல் கிலோமீட்டருக்கு. பத்தாவது கிலோமீட்டர் வரை கிலோமீட்டருக்கு 6.50. மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்தால் நிமிடத்துக்கு 3 பாட் கூடும். நம் தடம் இரவு பத்து மணிக்கு 95 பாட், இருபத்தைந்து நிமிடம். அஞ்சரைக்கு அதே தடத்தில் அரை மணி நேரம் நின்றே கழிந்தால் 90 பாட் கூடி 185. ஆகும் நேரம் ஒரு மணிக்கு மேல். ஏசியும் உட்கார இடமும் இருப்பதைத் தவிர அந்த நேரத்தில் டாக்சிக்குச் சாதகமாக ஒன்றும் இல்லை. மூன்று பேராகப் போனால் காசுக் கணக்கு சரியாகிவிடும், நேரக் கணக்கு ஆகாது.

கண்ணாடியில் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டி காலி. கையைத் தாழ்த்தி, உள்ளங்கை கீழே பார்க்க அசைக்கவேண்டும். ஜன்னல் வழியே இடத்தைச் சொன்னதும் "மை பாய்" (போக மாட்டேன்) என்று சொல்லிவிட்டுப் போவது மாலை மூன்று நாலு மணிக்கு அதிகம். அது திமிர் மட்டுமல்ல. ஒரே நிறத்தில் இருக்கும் டாக்சிகள் பெரும்பாலும் ஷிப்டு வாடகைக்கு எடுத்தவை. வண்டியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரம் நெருங்கினால் ஷெட் இருக்கும் திசைக்குத்தான் சவாரி எடுப்பார். மேலே மஞ்சளும் கீழே பச்சையுமாக இருப்பது சொந்தக்காரர் வண்டி, அவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அந்த நேரத்தில் மஞ்சள் பச்சையைப் பார்த்துக் கைகாட்டுங்கள்.

புதியவர் கவனிக்காதது சாலையின் பக்கம். பெரிய சாலைகளின் நடுவில் தடுப்பு உண்டு. போகவேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் நின்று ஏறினால் யூ டர்னுக்கே ஒன்றிரண்டு கிலோமீட்டர். நடைமேம்பாலம் ஏறி மறுபக்கம் போய் நிறுத்துவது ஐந்து நிமிட வேலை. ஆயிரம் பாட் நோட்டை நீட்டாதீர்கள்; பக்கத்துக் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். சுங்கச் சாலையில் ஏறினால் அந்தக் காசு பயணியுடையது.

டுக் டுக்குக்கு மீட்டர் இல்லை, ஏசி இல்லை, நெரிசலில் டாக்சியோடு சேர்ந்து அதுவும் நிற்கும். ஆகவே இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. 8 பாட் சிவப்பு பஸ்ஸுக்கு இடம் உண்டு, காசுதான் முக்கியம் என்றால். திறந்த ஜன்னல், பல வண்டிகளில் மரத் தரை. நடத்துநர் கையில் நீள உலோகக் குழல். உள்ளே டிக்கெட் சுருளும் சில்லறையும். மூடியைத் தட்டும் "டக் டக்" சத்தம் கேட்டால் காசை எடுத்துக்கொள்ளவேண்டும். பிக்குகளுக்கென்று இடம் ஒதுக்கியிருக்கும். பெண்கள் அவர்கள் மேல் படாதபடி விலகி நிற்பது வழக்கம், படகிலும் அப்படியே.

மழை பெய்தால்

மே முதல் அக்டோபர் வரை மேலே சொன்னதெல்லாம் மாறும். மழை பெரும்பாலும் பிற்பகலில் அல்லது அலுவலகம் விடும் நேரத்தில் கொட்டும். சொய்களில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றால் டாக்சி உள்ளே வராது; செயலிகளில் கட்டணம் ஏறும்; வின் வரிசையில் வண்டியை விட ஆள் அதிகம். மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை, மழை மூன்றும் ஒன்றாக வந்தால் அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஏழரைக்குக் கிளம்புகிறவர் புத்திசாலி. ஆறு மணிக்குக் கிளம்பியவரும் அவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வீடு சேர்வார்கள். இல்லையென்றால் ரயில்தான். நிலையங்களை ஒட்டி மேலேயே நடைபாதை ஓடும் இடங்களில் நனையாமல் கடை வரை போய்விடலாம்.

தமிழர்கள் கட்டிய சீலோம் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் டாக்சிக்காரரிடம் "வாட் கேக்" என்றால் போதும், எல்லாருக்கும் தெரியும். ஆனால் நவராத்திரி முடிந்து அம்மன் ஊர்வலம் வரும் இரவில் சீலோம் சாலையை அடைத்துவிடுவார்கள். அன்றைக்குப் பதில் "மை பாய்"தான். பிடிஎஸ் சுராசக் நிலையத்தில் இறங்கி, சாத்தோன் சாலையிலிருந்து பான் தெருவுக்குள் திரும்பி நேராக நடந்தால் கோயில் முனை வந்துவிடும்.