நெவார்க்கிலிருந்து திருச்சிக்கு, சிங்கப்பூர் வழியாக

இந்த முறை துபாய், தோஹா பக்கம் போகாமல் சிங்கப்பூர் வழியாக ஊருக்கு வந்தேன். நியூஜெர்சிக்காரர்களுக்கு இது ஊரைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற வழி. ஆனாலும் நடுராத்திரியில் சென்னையில் இறங்கி, அடுத்த விமானத்துக்குப் பெட்டி உருட்டும் வேலை இல்லை. நியூஜெர்சியில் இருக்கும் நெவார்க்கில் போட்ட பெட்டி, 2024-இல் திறந்த திருச்சி புது முனையத்தில்தான் கைக்கு வந்தது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் வந்தேன். நெவார்க்–சிங்கப்பூர் 15,300 கி.மீ.க்கு மேல், கிட்டத்தட்ட பத்தொன்பது மணி நேரம். சாப்பாடு, சேவை எல்லாம் அருமை. ஆனால் கால் வீங்கி, இறங்கும்போது ஷூ லேஸை முழுக்கத் தளர்த்தினால்தான் பாதம் உள்ளே போனது.

மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த இந்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் மொத்தம் 161 சீட்தான், எகானமியே கிடையாது. ஏறும்போது 1,65,000 லிட்டர் வரை எரிபொருள் சுமக்கும். அந்தச் சுமையைத் தூக்கவே எரிபொருளில் கணிசமான பங்கு எரிகிறது. அதனால் ஆளைக் குறைத்து, கூடுதல் காசு கொடுப்பவர்களை மட்டும் ஏற்றுகிறார்கள். இதே வழியில் 2004 முதல் நாலு எஞ்சின் ஏ340-500 ஓட்டி, கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். ரெண்டு எஞ்சின் விமானம் கிடைத்த பிறகு 2018-இல்தான் மறுபடி ஆரம்பித்தார்கள்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் திருச்சி கேட்டுக்கு எதிரே வரிசையாக வீல்சேர்கள். சான் பிரான்சிஸ்கோவில் மகளுக்குப் பேறுகாலம் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பும் ஓர் அம்மா, பாஸ்போர்ட் வைத்த பையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். நடக்கக் கஷ்டமாம்மா என்றேன். "நல்லா நடப்பேன் தம்பி. வழிதான் தெரியாது, இதுல உக்காந்தா அவங்களே கொண்டுபோய் விட்டுருவாங்க" என்றார்.

நேரடி விமானம் வேண்டியது இவருக்குத்தான். இண்டிகோ 2024-இல் 30 ஏ350-900 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்து, 2025-இல் அதை 60 ஆக்கியதிலிருந்து, அமெரிக்காவுக்கு நேராகப் பறப்பார்களா என்ற பேச்சு ஓடுகிறது. பறந்தாலும் முதலில் டெல்லி, மும்பையிலிருந்துதான் என்பது என் கணிப்பு. பிசினஸ் கிளாஸ் அங்கேதான் நிரம்பும். இத்தனை பேர் போய்வந்தும் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் சென்னை–நியூயார்க் சுமார் 13,500 கி.மீ.தான். சாதாரண ஏ350-யே அந்தத் தூரம் பறக்கும், எகானமி சீட்டோடு.

பெரியவர்களைத் தனியாக அனுப்புகிறவர்கள் டிக்கெட் போடும்போதே வீல்சேரும் கேட்டுவிடுங்கள். இடைகழி ஓர சீட்டாகப் பாருங்கள். முக்கியமாக, ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும், சரி. முதல் விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பில்லை.